லிங்கைத் தட்டினா கிராஃப் தெரியணும்

போன வாரம் தெரிஞ்சவர் ஒருத்தர் வாட்ஸ்அப்ல ஒரு கிட்ஹப் லிங்க் அனுப்பினார். அப்ப காந்திபுரத்துல பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தேன். லேப்டாப் வீட்டுல. கையில போன் மட்டும்தான்.

தட்டினேன். திறந்துச்சு.

முதல்ல ரெண்டு வரி விளக்கம். அடுத்து கொஞ்சம் கோடிங். அதுக்குக் கீழேயே அதுல இருந்து வந்த கிராஃப். அதுக்கும் கீழே, இந்த கிராஃபை ஏன் அவசரப்பட்டு நம்பக்கூடாதுன்னு ஒரு பத்தி. மறுபடி கோடிங். மறுபடி கிராஃப். பஸ் வந்ததும் ஏறி உட்கார்ந்து கடைசி வரைக்கும் படிச்சு முடிச்சேன்.

எழுதினவர் யாருன்னே எனக்குத் தெரியாது. ஆனா அவர் எங்க ஆரம்பிச்சார், எங்க சந்தேகப்பட்டார், எதைப் பார்த்து முடிவை மாத்தினார், எல்லாம் தெரிஞ்சுபோச்சு. அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. அந்த சந்தோஷத்துலதான் இதை எழுதுறேன்.

விஷயம் என்னன்னா, பென்குயின்.

டேட்டா வேலை பழகுறவங்க எல்லாருக்கும் இந்தப் பென்குயின்களைத் தெரிஞ்சிருக்கும். அண்டார்டிகாவுல பால்மர் தீவுக்கூட்டத்துல 2007-ல இருந்து 2009 வரைக்கும் கிறிஸ்டன் கோர்மனும் அவங்க கூட இருந்தவங்களும் அளந்து எழுதின விவரம். மொத்தம் 344 பறவை. அடேலி, ஜென்டூ, சின்ஸ்ட்ராப்னு மூணு வகை. 2020-ல ஆலிசன் ஹார்ஸ்ட், ஆலிசன் ஹில், கோர்மன் மூணு பேரும் சேர்ந்து இதை ஆர் மொழிக்கு ஒரு பேக்கேஜா போட்டாங்க. அப்புறம் அது உலகம் பூரா பாடம் எடுக்கிற டேட்டா ஆயிடுச்சு. (2025-ல வந்த ஆர் 4.5-ல இருந்து இது ஆர் கூடவே வந்துடுது. தனியா இறக்க வேண்டாம்.)

இதுல அலகோட நீளத்தையும் தடிமனையும் வச்சு ஒரு கிராஃப் போட்டா, கோடு கீழ இறங்கும். அதாவது, அலகு நீளமா இருந்தா தடிமன் கம்மின்னு தோணும்.

அதே புள்ளிகளை வகை வாரியா கலர் கொடுத்துப் பிரிச்சுப் பாருங்க. மூணு கோடும் மேல ஏறும்! ஒவ்வொரு வகைக்குள்ளயும் நீளம் கூடக் கூட தடிமனும் கூடுது.

எப்படி? ஜென்டூவுக்கு அலகு நீளம், ஆனா தடிமன் கம்மி. அடேலிக்கு அலகு குட்டை, ஆனா தடிமன் ஜாஸ்தி. ரெண்டையும் ஒரே கும்பலா பார்த்தா, வகைக்கும் வகைக்கும் இருக்கிற வித்தியாசம் உள்ள இருக்கிற உறவை மறைச்சு தலைகீழா காட்டிடுது. சிம்ப்சன் முரண்னு புள்ளியியல்ல சொல்றது இதைத்தான்.

இந்த ஒரு விஷயத்தை யாராவது வெறும் முடிவா சொல்லியிருந்தா, "ஓ, அப்படியா"ன்னு கடந்து போயிருப்பேன். முதல் கிராஃப், இறங்குற கோடு, "இருங்க, வகை வாரியா பார்ப்போம்"னு ஒரு வரி, அடுத்து ஏறுற மூணு கோடு. இந்த வரிசையில பார்த்ததாலதான் மனசுல நின்னுச்சு. முடிவுக்கு வந்த பாதையும் முடிவு அளவுக்கு முக்கியம். டேட்டா வேலையில பாதைதான் வேலையே.

சரி, இப்ப நம்ம ஊர் நெலமைக்கு வருவோம்.

ஆய்வு பண்ற ஆட்கள் நம்மகிட்ட நிறைய பேர் இருக்காங்க. நல்லா பண்றாங்க. பண்ணி முடிச்சு கிட்ஹப்லயும் போடுறாங்க. ஆனா லிங்கைத் தட்டினா படிக்க முடியாது.

என் டீம்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தர். ஆர் மார்க்டவுன்ல அருமையா ஒரு ஆய்வு பண்ணி, எச்டிஎம்எல் ஃபைலா மாத்தி, ரெப்போவுல ஏத்தி, லிங்கை குரூப்ல போட்டார். கொஞ்ச நேரத்துல அவரே போன் பண்றார்.

"அக்கா, லிங்க் திறந்தா எல்லாருக்கும் வெறும் கோடிங்கா ஓடுதாம். என் லேப்டாப்புல கிராஃப் எல்லாம் சூப்பரா வருதே?"

வரும்ப்பா. உங்க லேப்டாப்புல பிரவுசர் திறக்குது. கிட்ஹப் அப்படித் திறக்காது.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டா போதும், பாதி குழப்பம் போயிடும். கிட்ஹப் ரெப்போவுக்குள்ள எச்டிஎம்எல் ஃபைலைத் தட்டினா, அதோட மூலத்தைத்தான் காட்டும், பக்கமா காட்டாது. ஆயிரக்கணக்கான வரி டேக் மழை. சில சமயம் ஃபைல் பெரிசா இருக்குன்னு அதுவும் காட்டாது. ஆர் மார்க்டவுன் மூல ஃபைலைத் தட்டினா, எழுத்து அழகா தெரியும், கோடிங்கும் தெரியும், ஆனா கிராஃப் ஒண்ணும் இருக்காது. ஏன்னா கிட்ஹப் உங்க கோடிங்கை ஓட்டாது, இருக்கிறதை மட்டும் காட்டும்.

கிட்ஹப் படிக்கிற மாதிரி காட்டுறது எதைன்னா, சாதா மார்க்டவுன் ஃபைலை. எம்டின்னு முடியுமே, அது.

ஆக, செய்ய வேண்டியது ஒண்ணுதான். டாக்குமென்ட் தலையில அவுட்புட்னு ஒரு வரி இருக்கும் இல்லையா? அதுல எச்டிஎம்எல் டாக்குமென்ட்னு இருக்கிறதை எடுத்துட்டு, கிட்ஹப் டாக்குமென்ட்னு போடுங்க. (ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல அண்டர்ஸ்கோர், எல்லாம் சின்ன எழுத்து.) நிட் பட்டனை அழுத்துங்க. அவ்வளவுதான்.

ஆர் ஸ்டூடியோ உங்க கோடிங்கை முதல்ல இருந்து ஓட்டும். எழுத்து, கோடிங், விடை எல்லாத்தையும் ஒரு எம்டி ஃபைல்ல எழுதும். கிராஃபை எல்லாம் படமா மாத்தி பக்கத்துலயே ஒரு ஃபோல்டர்ல வைக்கும். எம்டி ஃபைல் அந்தப் படங்களைக் கைகாட்டும்.

க்வார்ட்டோ பயன்படுத்துறவங்களுக்கு இன்னும் சுலபம். ஃபார்மட்னு இருக்கிற இடத்துல ஜிஎஃப்எம்னு மூணு எழுத்து. கிட்ஹப் பேசுற மார்க்டவுனுக்குப் பேரு அது.

எம்டி ஃபைலையும் அந்தப் பட ஃபோல்டரையும் சேர்த்து ஏத்தணும். தம்பி அடுத்த தடவை எம்டியை மட்டும் ஏத்திட்டார். "அக்கா, படம் இருக்கிற இடத்துல உடைஞ்ச ஐகான் வருது." ஃபோல்டர் போய்ச் சேரலைன்னா அப்படித்தான் வரும். ஃபோல்டரையும் புஷ் பண்ணினார். குரூப்ல கைதட்டல் எமோஜி குவிஞ்சுது. அவர் முகத்தைப் பார்த்திருக்கணும்!

இன்னொரு நல்ல விஷயம் சொல்றேன். ஒரே ஒரு ஆய்வுதான் அந்த ரெப்போவுலன்னா, ஃபைலுக்கு ரீட்மின்னே பேர் வச்சுடுங்க. ரெப்போ லிங்கைத் தட்டின உடனே, எந்த ஃபைலையும் தேடாம, முதல் பக்கத்துலயே உங்க ஆய்வு விரிஞ்சு நிக்கும். அந்தப் பென்குயின்காரர் அதைத்தான் பண்ணியிருந்தார். பஸ் ஸ்டாண்டுல ஒத்தைக் கையில படிக்க முடிஞ்சதுக்குக் காரணம் அது.

எழுத்தும் கோடிங்கும் ஒரே இடத்துல இருக்கணும்ங்கிற ஆசை இன்னைக்கு நேத்து வந்தது இல்ல. டொனால்ட் க்னூத் 1984-லயே இதைப் பத்தி எழுதிட்டார், புரோகிராமை மனுஷன் படிக்கிற கட்டுரை மாதிரி எழுதணும்னு. ஆர் ஆளுங்களுக்கு 2002-ல ஃப்ரீட்ரிக் லைஷ் ஸ்வீவ்னு ஒண்ணு கொடுத்தார். அதுக்கு லேடெக் தெரிஞ்சிருக்கணும், அதனால எல்லாருக்கும் கைக்கு வரலை. 2012-ல யீஹுயி ஷியே நிட்ஆர் கொண்டு வந்தார். மார்க்டவுன்ல எழுதினா போதும்னு ஆச்சு. 2022-ல க்வார்ட்டோ வந்துச்சு, பைத்தான், ஆர், ஜூலியா எதுல எழுதினாலும் சரின்னுட்டாங்க. நாப்பது வருஷ உழைப்பு, கடைசியில ஒரு பட்டன்ல நிக்குது. அந்தப் பட்டனை அழுத்தாம ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புறவங்களைப் பார்த்தா எனக்கு மனசு ஆறலை.

பைத்தான் பக்கம் இருக்கிறவங்க "எங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லையே"ன்னு சொல்வீங்க. உண்மைதான். ஜூப்பிட்டர் நோட்புக்கை கிட்ஹப் 2015-ல இருந்தே நேரா காட்டுது, கிராஃபோட. ஈர்ப்பலையை முதல்முறையா பிடிச்சதை 2016 பிப்ரவரியில லைகோ குழு அறிவிச்சப்ப, டேட்டாவோட சேர்த்து நோட்புக்கும் கொடுத்தாங்க. யார் வேணா இறக்கி, அந்த அலையைத் தன் கம்ப்யூட்டர்லயே வரைஞ்சு பார்க்கலாம்னு ஆச்சு. அறிவியல் அப்படித்தான் இருக்கணும்.

ஆனா நோட்புக்ல எனக்கு ரெண்டு மனத்தாங்கல் உண்டு.

ஒண்ணு, உள்ள பார்த்தா அது ஜேசான் ஃபைல். ஒவ்வொரு கிராஃபும் ரொம்ப நீளமான ஒரு எழுத்துச் சரமா உள்ளயே உட்கார்ந்திருக்கும். ஒரு கிராஃபோட கலரை மாத்தி கமிட் பண்ணுங்க. என்ன மாறுச்சுன்னு கிட்ல வரி வரியா பார்க்கப் போனா, மனுஷன் படிக்க முடியாத எழுத்துதான் பக்கம் பக்கமா வரும். என்ன மாறுச்சுன்னு பார்க்கிறதுக்குத்தானே கிட்டே இருக்கு? (என்பிடைம்னு ஒரு கருவி இருக்கு, நோட்புக் வித்தியாசத்தைப் படிக்கிற மாதிரி காட்டும். நோட்புக்தான் உங்க வழின்னா கண்டிப்பா போட்டுக்கோங்க.)

ரெண்டாவதுதான் பெரிசு. நோட்புக்ல செல்லை எந்த வரிசையில வேணா ஓட்டலாம். மேல இருக்கிறதை அழிச்சுட்டாலும், அது கொடுத்த மதிப்பு மெமரியில இருக்கும். கீழ இருக்கிற செல் அதை வச்சு அழகா ஓடும். பார்க்கிறவங்களுக்கு எல்லாம் சரியா இருக்கிற மாதிரிதான் தெரியும். இறக்கி ஓட்டினா நிக்கும்.

இது என் கற்பனை இல்லைங்க. 2019-ல வெளிவந்த ஒரு ஆய்வு, கிட்ஹப்ல இருந்த சுமார் 14 லட்சம் நோட்புக்கைச் சேர்த்துப் பார்த்துச்சு. அதுல ஓட்டிப் பார்க்கத் தகுதியானதுன்னு எடுத்ததுல, பிழையில்லாம ஓடினது நூத்துக்கு 24 சொச்சம்தான். அதே விடையைத் திரும்பக் கொடுத்தது நூத்துக்கு 4.

நாலு!

அதனால நோட்புக்ல வேலை பார்க்கிறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஏத்துறதுக்கு முன்னாடி, கெர்னலை நிறுத்தித் திரும்பத் தொடங்கி, எல்லா செல்லையும் மேல இருந்து கீழ வரைக்கும் ஓட்டுங்க. அது முழுசா ஓடினா மட்டும் கமிட். நிட் பட்டன் இதைத் தானாவே பண்ணிடுது, ஒவ்வொரு தடவையும் புது ஆர் செஷன்ல முதல்ல இருந்து ஓட்டும். எனக்கு ஆர் மார்க்டவுன் மேல இவ்வளவு பிரியம் இருக்கிறதுக்குக் காரணமே இதுதான்.

"இவ்வளவு எதுக்கு? விடை சரியா இருந்தா போதாதா?"

இப்படிக் கேக்கிறவங்களுக்கு நான் எப்பவும் சொல்ற கதை ஒண்ணு இருக்கு. இந்தத் துறையில இருக்கிற எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும்.

2010. கார்மன் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப், ரெண்டு பெரிய பொருளாதார நிபுணர்கள் ஒரு கட்டுரை எழுதினாங்க. ஒரு நாட்டோட அரசுக் கடன் அதோட மொத்த உற்பத்தியில 90 சதவீதத்தைத் தாண்டிட்டா வளர்ச்சி படுத்துடும்னு சொல்லுச்சு அது. அந்தக் கூட்டத்து நாடுகளோட சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம்னு கணக்கு. பொருளாதாரம் அடிவாங்கி உலகமே தடுமாறிட்டிருந்த நேரம். செலவைக் குறைக்கணும்னு பேசின அரசியல்வாதிகள் இந்த எண்ணைக் கையில வச்சுக்கிட்டுப் பேசினாங்க.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தோட ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்துல தாமஸ் ஹெர்ண்டன்னு ஒரு மாணவர். ஏற்கனவே வெளிவந்த ஒரு கட்டுரையோட கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருன்னு வகுப்புல கொடுத்த வேலை. இவர் இந்தக் கட்டுரையை எடுத்தார். போட்டுப் பார்க்கிறார், வரலை. மறுபடி போடுறார், வரலை. கடைசியில கட்டுரை எழுதினவங்ககிட்டயே கேட்டார். அவங்களும் எக்செல் ஷீட்டை அனுப்பிக் கொடுத்தாங்க.

திறந்தா, சராசரி எடுக்கிற ஃபார்முலா 30-வது வரியில ஆரம்பிச்சு 44-லயே நின்னுடுது. 49 வரைக்கும் போயிருக்கணும். ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க், அஞ்சு நாடு கணக்குலயே இல்ல.

இதோட, சில வருஷ விவரம் விட்டுப்போனது, நாடுகளுக்குக் கொடுத்த எடை இதெல்லாம் சேர்த்துத் திருத்தினா, சராசரி 2.2 சதவீதம்னு வந்துச்சு. மைனஸ் 0.1 எங்க, 2.2 எங்க? ஹெர்ண்டனும் அவரோட பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் பொலினும் 2013 ஏப்ரல்ல இதை வெளியிட்டாங்க. எக்செல் பிழையை ரெய்ன்ஹார்ட்டும் ரோகாஃபும் ஒத்துக்கிட்டாங்க, மத்த விமர்சனங்களை ஒத்துக்கலை. அந்த வாதம் அப்புறமும் நடந்துச்சு.

எனக்கு இந்தக் கதையில முக்கியமா படுறது அந்த மூணு வருஷம். 2010-ல வந்த கட்டுரை, 2013-லதான் ஷீட் ஒரு மாணவர் கைக்குப் போகுது. முதல் நாளே டேட்டாவும் கணக்கும் எல்லாரும் பார்க்கிற இடத்துல இருந்திருந்தா? ரெப்போவுல அந்த வரியை யாரோ ஒருத்தர் முதல் வாரமே பார்த்திருப்பார். ஷீட்டை மறைக்காம அனுப்பினாங்களே, அதுக்கு அவங்களைப் பாராட்டணும். ஆனா கேட்டாத்தான் கிடைக்கும்ங்கிற நெலமையே இருக்கக்கூடாது.

நம்ம நாட்டுலயும் இதுக்கு நல்ல உதாரணம் இருக்கு. கோவிட் நேரத்துல கோவிட்19இந்தியான்னு ஒரு தளம், ஞாபகம் இருக்கா? தன்னார்வலர்கள் நடத்தினது. ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமா அறிக்கை விடும். தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறை தினமும் பிடிஎஃப் விடும். அதையெல்லாம் எடுத்து, எண்ணைப் பிரிச்சு, ஒரே வடிவத்துல சேர்த்து, கிட்ஹப்ல எல்லாரும் எடுத்துக்கிற மாதிரி வச்சாங்க. 2021 அக்டோபர் 31-ஓட அப்டேட்டை நிறுத்திட்டாங்க. அதுவரைக்கும் நான் பார்த்த எத்தனையோ மாவட்ட வாரி கிராஃபுக்கு அடியில இருந்தது அந்த டேட்டாதான். சம்பளம் இல்லாம ராத்திரி பகலா உட்கார்ந்து பண்ணினவங்க. அவங்களை நினைக்கும்போதெல்லாம் மனசு நெகிழும்.

சரி, போடுங்க போடுங்கன்னு சொல்லிட்டே இருக்கேன். எதைப் போடக்கூடாதுன்னும் சொல்லணும். இதை நிதானமா படிங்க.

கிட்இக்னோர் ஃபைல்ல டேட்டா ஃபோல்டர் பேரை எழுதிட்டா டேட்டா வெளிய போகாது, பாதுகாப்புன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. டேட்டா ஃபைல் போகாதுதான். ஆனா உங்க டாக்குமென்ட்ல "முதல் சில வரியைக் காட்டு"ன்னு ஒரு ஹெட் கமாண்ட் இருக்குமே? ஆர்னா ஆறு வரி, பாண்டாஸ்னா அஞ்சு வரி. அந்த வரிகள் எம்டி ஃபைல்ல அப்படியே அச்சாகி உட்கார்ந்திருக்கும். பேர், போன் நம்பர், ஊர், நோய், சம்பளம், டேட்டாவுல என்ன இருந்துச்சோ அது. ஃபைலைப் பூட்டி வச்சுட்டு அதுல இருந்து ஆறு பேரோட விவரத்தை ஊருக்குக் காட்டினா என்ன அர்த்தம்?

புஷ் பண்றதுக்கு முன்னாடி, எம்டி ஃபைலை ஒரு தடவை வேத்து ஆள் மாதிரி படிங்க. அதுல யாராவது ஒருத்தர் தன்னை அடையாளம் கண்டுக்க முடியுமா? பக்கத்து வீட்டுக்காரர் அவரை அடையாளம் கண்டுக்க முடியுமா?

பேரை எடுத்துட்டா போதும்ங்கிறதும் சரி இல்ல. லட்டான்யா ஸ்வீனின்னு ஒரு ஆய்வாளர் இதை எப்பவோ நிரூபிச்சுட்டாங்க. மாசசூசெட்ஸ்ல பேரை நீக்கிட்டுக் கொடுத்த மருத்துவ டேட்டாவுல இருந்து, அந்த மாநில கவர்னர் வில்லியம் வெல்டோட பதிவையே அவங்க கண்டுபிடிச்சாங்க. எப்படின்னா, காசு கொடுத்தா யாருக்கும் கிடைக்கிற வாக்காளர் பட்டியல்ல இருக்கிற பிறந்த தேதி, ஜிப் கோடு, ஆணா பெண்ணா, இந்த மூணையும் பொருத்திப் பார்த்து. அமெரிக்காவுல நூத்துக்கு 87 பேரை இந்த மூணே விவரத்தை வச்சுத் தனியா பிரிச்சுடலாம்னு 2000-ல எழுதினாங்க. அதனால பிறந்த தேதி வேண்டாம், வயசு வரம்பு போதும். தெரு வேண்டாம், மாவட்டம் போதும்.

அடுத்தது பாஸ்வேர்டு, ஏபிஐ சாவி, டோக்கன். கோடிங்குக்குள்ள நேரா எழுதவே எழுதாதீங்க. தப்பித் தவறி ஏறிடுச்சுன்னா, ஃபைலை அழிச்சு மறுபடி கமிட் பண்ணினா போயிடும்னு நம்பாதீங்க. கிட் பழசு எல்லாத்தையும் வச்சிருக்கும், அதுதான் அதோட வேலை. முதல்ல அந்தச் சாவியையே ரத்து பண்ணுங்க. மத்தது அப்புறம்.

டேட்டா ஃபைல் பெரிசா இருந்தா வேற சிக்கல். ஒரு ஃபைல் 50 எம்பியைத் தாண்டினா கிட்ஹப் எச்சரிக்கும், 100 எம்பியைத் தாண்டினா வாங்காது. அப்புறம் அழிச்சாலும் பழைய கமிட்ல அது இருக்கிற வரைக்கும் புஷ் ஆகாது. பெரிய டேட்டாவை செனோடோவுல வைங்க. ஜெனீவாவுல இருக்கிற சேர்ன் ஆய்வகம் 2013-ல இருந்து நடத்துறது, காசு இல்ல. டிஓஐ எண்ணும் கொடுப்பாங்க, கட்டுரையில மேற்கோள் காட்ட வசதி. ரெப்போவுல அந்த லிங்கை வச்சா போதும்.

மவுஸை வச்சா எண் காட்டுற கிராஃப், பெரிசாக்கிப் பார்க்கிற மேப் இதெல்லாம் எம்டியில வேலை செய்யாது. அதுக்கு எச்டிஎம்எல்தான். கிட்ஹப் பேஜஸ்னு ஒரு வசதி இருக்கு, ரெப்போ செட்டிங்ஸ்ல போய் டாக்ஸ் ஃபோல்டரைக் காட்டினா அதுல இருக்கிற எச்டிஎம்எல் நிஜமான வெப் பக்கமா திறக்கும். க்வார்ட்டோவுல அதுக்கு ஒரே கமாண்ட் இருக்கு. ஆனா என் அபிப்பிராயம், மேப் இல்லாத ஆய்வுக்கு அது தேவை இல்ல. எம்டி போதும். வேகமா திறக்கும், எந்த போன்லயும் படிக்கலாம், என்ன மாறுச்சுன்னு வரி வரியா பார்க்கலாம்.

புஷ் பண்ணும்போது பாஸ்வேர்டு கேட்டு, சரியா போட்டும் உள்ள விடலையா? 2021 ஆகஸ்ட்ல இருந்து கிட்ஹப் கமாண்ட் லைன்ல பாஸ்வேர்டை ஏத்துக்கிறதில்ல. டோக்கன் இல்லைன்னா எஸ்எஸ்எச் சாவி வேணும். ஜென்னி பிரையன் எழுதின "ஹேப்பி கிட் அண்ட் கிட்ஹப் ஃபார் தி யூசர்" புத்தகம் இணையத்துல இலவசமா கிடைக்குது. ஆர் ஆளுங்களுக்காகவே எழுதினது. பயந்துக்கிட்டு இருக்கிறவங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகும்.

கடைசியா நம்ம மொழி.

ஆய்வைத் தமிழ்லயே எழுதலாம்ங்க. மார்க்டவுனுக்குத் தமிழ் ஒரு பிரச்சினையே இல்ல, யூனிகோடா இருந்தா போதும். சிக்கல் வர்றது கிராஃபுக்குள்ளதான். தலைப்பைத் தமிழ்ல கொடுத்தா, சில கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா வரும். எழுத்துரு இருந்தாலும் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிக்கும். "கோவை"ன்னு எழுதினா படிக்கவே முடியாது. நான் எழுத்துரு ஒவ்வொண்ணா மாத்திப் பார்த்தேன். அளவை மாத்திப் பார்த்தேன். ஒண்ணும் ஆகலை. கடைசியில ஆர்ல ராக்னு ஒரு பேக்கேஜ் கிடைச்சுது. அதை இன்ஸ்டால் பண்ணி, நிட்ஆர் செட்டிங்ஸ்ல படம் வரையிற டிவைஸா ராக் பிஎன்ஜின்னு கொடுத்தேன். கொம்பு எழுத்துக்கு முன்னாடி வந்து ஒழுங்கா உட்கார்ந்துச்சு! அன்னைக்கு மாவட்டப் பேர் எல்லாத்தையும் தமிழ்ல போட்டு ஒரு பார் சார்ட் வரைஞ்சு, அதையே ரொம்ப நேரம் பார்த்துட்டிருந்தேன். கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை, திருப்பத்தூர், ஒரு எழுத்து பிசகலை.

தமிழ்ல விளக்கத்தோட, கிராஃபோட, திரும்ப ஓட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கிற ரெப்போக்கள் ரொம்பக் கம்மி. மழை அளவு, நிலத்தடி நீர், பஸ் வழித்தடம், பள்ளிக்கூட விவரம், எவ்வளவு இருக்கு நம்மகிட்ட கேட்கிறதுக்கு! ஒரு பத்தாம் வகுப்புப் புள்ளை தன் ஊர் மழை அளவு கிராஃபைத் தமிழ்ல படிச்சுட்டு, கீழ இருக்கிற கோடிங்கை எடுத்து அடுத்த ஊருக்கு ஓட்டிப் பார்க்கணும். அதுக்குத் தேவையானது எல்லாமே இன்னைக்கு இலவசமா இருக்கு.

உங்க கம்ப்யூட்டர்ல முடிச்சு வச்ச ஆய்வு ஒண்ணு கண்டிப்பா இருக்கும். அதை எடுங்க. அவுட்புட் வரியை மாத்துங்க, நிட் பண்ணுங்க, எம்டியை ஒரு தடவை வேத்து ஆள் கண்ணோட படிங்க. லைசென்ஸ் ஃபைல் ஒண்ணு சேர்த்துடுங்க. அது இல்லைன்னா சட்டப்படி உங்க வேலையை யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாது. படத்தோட சேர்த்து புஷ் பண்ணிட்டு, கிட்ஹப்ல லாகின் இல்லாத ஒரு போன்ல லிங்கைத் தட்டிப் பாருங்க. கிராஃப் தெரிஞ்சா எனக்கு அனுப்புங்க. படிக்கிறது மட்டும் இல்ல, இறக்கி ஓட்டியும் பார்க்கிறேன்.